இளநிலை மின்பொறியியலில் நுண்ணலை மின்னணுவியலைச் சேர்ப்பது எப்படி?

நுண்ணலை (மைக்ரோவேவ்) மின்னணுவியலை இறுதியாண்டு விருப்பப் பாடமாக ஒதுக்கிவைக்காமல், இரண்டாம் ஆண்டின் மின்சுற்றுக் கோட்பாட்டிலேயே அதற்கு வழி திறக்க வேண்டும். கம்பியின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அது முழுவதும் ஒரே மின்னழுத்தம் நிலவும் என்ற அனுமானம் பொய்த்துவிடும், 2.4 கிகாஹெர்ட்சில் வெற்றிட அலைநீளமே 12.5 செ.மீ. தான் என்பதைச் சொன்னால் மாணவர்களுக்கு இது உடனே புரியும்.

மூன்றாம் ஆண்டில் டிரான்ஸ்மிஷன் லைன் (சமிக்ஞையை அலையாகக் கடத்தும் தடம்), ஸ்மித் வரைபடம் (மின்மறுப்பை, அதாவது இம்பிடன்ஸை, காட்டும் வட்ட வரைபடம்), எஸ்-அளவுருக்கள் (சமிக்ஞை எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு கடக்கிறது என்பதைச் சொல்லும் எண்கள்) ஆகியவற்றை ஆய்வகத்தோடு பிணைத்து நடத்துங்கள். 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்.ஆர்.4 என்னும் கண்ணாடியிழை மின்சுற்றுப் பலகையில் சுமார் 3 மி.மீ. அகலமுள்ள மைக்ரோஸ்ட்ரிப் தடம் (அடியில் தரைத்தளம் கொண்ட செப்புப் பட்டை) ஏறத்தாழ 50 ஓம் மின்மறுப்பைத் தரும். அதன் நடுவில், முனை திறந்த, சுமார் 4.6 செ.மீ. நீளமுள்ள கிளைத்தடம் ஒன்றைச் சேர்த்தால், 900 மெகாஹெர்ட்சை ஒட்டிய சமிக்ஞை தடைபடும்; எஸ்-அளவுருக்களை அளக்கும் விலை குறைந்த நானோவிஎன்ஏ கருவியிலேயே இதைக் காணலாம். அளப்பதற்கு முன் ஓபன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைப்பு), லோட் (50 ஓம் சுமை), த்ரூ (நேரிணைப்பு) ஆகியவற்றை இணைத்துக் கருவியை அளவீட்டுத் திருத்தம் செய்யும் பழக்கத்தைக் கண்டிப்பாக ஊட்டுங்கள்.

சமிக்ஞை தடைபடும் அதிர்வெண்ணில் கணக்கிட்டதும் அளந்ததும் பெரும்பாலும் பொருந்தா. திறந்த முனையில் புலம் சற்று வெளியே நீள்வதும், அலையின் வேகத்தைத் தீர்மானிக்கும் எஃப்.ஆர்.4-இன் மின்காப்பு மாறிலி பலகைக்குப் பலகை வேறுபடுவதுமே இதற்குக் காரணங்கள். மதிப்பெண்ணில் பெரும்பகுதியை இந்த விளக்கத்துக்கே ஒதுக்குவேன். கிளைஸ்ட்ரான் (நுண்ணலையை உண்டாக்கும் வெற்றிடக் குழாய்) பொருத்திய ஆய்வக மேசை இருந்தால், அலைவழியை (நுண்ணலையைக் கடத்தும் உலோகக் குழாயை) காட்ட ஒரு வகுப்பு போதும்.