ஆடவர் ஒற்றையர் டிராவை வாசிப்பது எப்படி: சென்னை ஓபன் ஆட்டங்களை முன்வைத்து

டென்னிஸ் தொடரின் இறுதி ஆட்டத்தை மட்டும் பார்ப்பவர் யார் வென்றார் என்பதைத் தெரிந்துகொள்வார். அவர் எப்படி அங்கு வந்து சேர்ந்தார் என்பது தெரியாமலே போய்விடும். அதைத் தெரிந்துகொள்ள, தொடர் தொடங்குவதற்கு முன்பே வெளியாகும் 'டிரா' என்ற அட்டவணையைத் தாளில் அச்சிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கம் மைதானத்தில் நடந்து, பிறகு புனேவுக்கு இடம்பெயர்ந்த சென்னை ஓபனின் ஆடவர் ஒற்றையர் பிரிவையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். நம் ஊரில் பலர் நேரில் பார்த்த ஆட்டங்கள் என்பதோடு, டிராவை வாசிக்கக் கற்பதற்கு அவற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் வரிகளை எண்ணிப் பாருங்கள். இத்தகைய தொடரின் டிராவில் 32 வரிகள் இருக்கும்; அடுத்தடுத்த இரு வரிகளில் உள்ளவர்கள் முதல் சுற்றில் மோதுவார்கள். ஆகவே பட்டம் வெல்ல முதல் சுற்று, இரண்டாம் சுற்று, கால் இறுதி, அரை இறுதி, இறுதி என்று 5 ஆட்டங்களில் வெல்ல வேண்டும். சில தொடர்களில் 28 பேர் மட்டுமே ஆடுவார்கள். அப்போது போட்டியின் தரநிலையில் முதல் 4 இடங்களில் உள்ளவர்களின் பெயருக்குக் கீழே 'பை' என்று இருக்கும். அவர்கள் நேராக இரண்டாம் சுற்றில் இறங்குவார்கள் என்பது அதன் பொருள்.

அடுத்து, பெயருக்குப் பக்கத்தில் 1 முதல் 8 வரை எண் உள்ளவர்களை வட்டமிடுங்கள். உலகத் தரவரிசையை வைத்துத் தரப்படும் போட்டித் தரநிலை அது. முதல் நிலை வீரர் முதல் வரியிலும் இரண்டாம் நிலை வீரர் 32ஆம் வரியிலும் எப்போதும் இருப்பார்கள். 3, 4ஆம் நிலை வீரர்களில் ஒருவர் 9ஆம் வரிக்கும் மற்றவர் 24ஆம் வரிக்கும் குலுக்கலில் செல்வார்கள். 5 முதல் 8 வரையிலானவர்களுக்கு 8, 16, 17, 25 ஆகிய வரிகளைக் குலுக்கல் பங்கிட்டுத் தரும். இதனால் வலுவான எட்டுப் பேர் கால் இறுதிக்கு முன்பு ஒருவரையொருவர் சந்திக்க இயலாது. ஆனால் தரநிலை இல்லாத ஆபத்தான வீரர் எந்த வரியில் விழுவார் என்பதை எந்த விதியும் தீர்மானிப்பதில்லை; குலுக்கல் முடிந்தவுடன் விவரமறிந்தவர்கள் முதலில் தேடுவது அந்தப் பெயர்களைத்தான்.

பெயரோடு ஒட்டியுள்ள சிறு குறிப்புகளையும் விட்டுவிடக் கூடாது. 'கியூ' என்றிருந்தால் அவர் தகுதிச்சுற்றில் ஆடி வென்று வந்தவர், அதாவது அந்த மைதானத்தின் தன்மையை ஏற்கெனவே ஆடி அறிந்தவர். 'எல் எல்' என்பது லக்கி லூசர்: தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்று, வேறொருவர் விலகியதால் இடம் பெற்றவர். 'பி ஆர்' என்பது நீண்ட காயத்துக்குப் பிறகு பழைய தரவரிசையின் பாதுகாப்பில் நுழைபவரைக் குறிக்கும். அவர் இன்றைய தரவரிசை காட்டுவதைவிட வலிமையானவராக இருக்கலாம். 'டபிள்யூ சி' என்பது அமைப்பாளர்கள் தங்கள் விருப்பப்படி தரும் நேரடி இடமான வைல்டு கார்டு. இதைச் சலுகை என்று ஒதுக்குபவர்கள் 2009ஆம் ஆண்டு டிராவைப் பார்க்க வேண்டும். வைல்டு கார்டில் வந்த சோம்தேவ் தேவ்வர்மன், சென்னையில் 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்ற கார்லோஸ் மோயாவையும், சர்வீஸுக்குப் பேர்போன இவோ கார்லோவிச்சையும் வீழ்த்தி இறுதி ஆட்டம் வரை சென்றார். அங்கு மரின் சிலிச் 6-4, 7-6 என்று வென்றார்.

தெரியாத பெயர்களின் கீழே மெல்லிய கோடு ஒன்றைப் போட்டு வைப்பதும் நல்ல பழக்கம். 2017 இறுதி ஆட்டத்தில் ராபர்ட்டோ பாட்டிஸ்டா அகுட்டிடம் தோற்ற 20 வயது டேனியல் மெத்வதேவ், நான்கு ஆண்டுகள் கழித்து யு.எஸ். ஓபன் சாம்பியன் ஆனார்.

ஆட்டங்கள் தொடங்கிய பின் முடிவுகளைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டே வாருங்கள். வென்றவரின் பெயரோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு செட்டிலும் இருவரும் வென்ற கேம்களின் கணக்கையும் (6-4 என்பதுபோல) எழுதுங்கள். ஒரு செட்டில் 6-6 என்று சமமானால் டைபிரேக்கர் நடக்கும். அதில் 2 புள்ளி வித்தியாசத்தோடு முதலில் 7 புள்ளிகளை எட்டுபவருக்கே செட். 7-6 என்பதன் அருகே அடைப்புக்குறிக்குள் இருப்பது டைபிரேக்கரில் தோற்றவர் எடுத்த புள்ளி. 7-6(1) என்றால் டைபிரேக்கர் 7-1 என்று எளிதாக முடிந்திருக்கிறது. 7-6(8) என்றால் 10-8 வரை இழுத்திருக்கிறது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இவ்விரண்டும் ஆடியவரின் உடலிலும் மனத்திலும் விட்டுச்செல்லும் சுமை ஒன்றல்ல.

எண்களிலிருந்து எழுதப்படாத செய்தியையும் கண்டெடுக்கலாம். 2012 இறுதி ஆட்டத்தில் மிலோஸ் ராவ்னிச் 6-7, 7-6, 7-6 என்று யாங்கோ டிப்சரேவிச்சை வென்றார். அந்தத் தொடர் முழுவதும் ராவ்னிச் தன் சர்வீஸை ஒருமுறைகூடப் பறிகொடுக்கவில்லை, அதாவது தான் சர்வீஸ் போட்ட எல்லா கேம்களையும் வென்றார். மூன்று செட்டுகளும் 6-6 வரை சென்றிருப்பதால், டிப்சரேவிச்சும் அன்று சர்வீஸை இழந்திருக்க முடியாது; இழந்திருந்தால் செட் டைபிரேக்கருக்குப் போயிராது. ஆட்டத்தைப் பார்க்காமலேயே, இரு பக்கமும் ஒரு பிரேக் (எதிராளியின் சர்வீஸ் கேமைப் பறிப்பது) கூட இல்லாத ஆட்டம் அது என்று தாளை வைத்துச் சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இறுதி ஆட்டத்தன்று காலையில் செய்ய வேண்டிய கணக்கு. இரு வீரர்களின் வரிகளிலும் பின்னோக்கிச் சென்று, யார் எத்தனை செட் ஆடினார், அவற்றில் எத்தனை டைபிரேக்கர், எதிராளி பாதியில் விலகினாரா, 'வாக்ஓவர்' என்ற குறிப்பு உண்டா என்று பாருங்கள். வாக்ஓவர் என்றால் ஆடாமலேயே அடுத்த சுற்று; 2009இல் சோம்தேவ் அரை இறுதியை அப்படித்தான் கடந்தார். அது உடலுக்கு ஓய்வு, அதே நேரத்தில் ஆட்டத்தின் ஓட்டத்தில் ஓர் இடைவெளி. எதிர்ப்புறத்துக்கு 2008ஆம் ஆண்டு டிராவே சாட்சி. அரை இறுதியில் ரஃபேல் நடால் தன் நாட்டவரான மோயாவை 6-7(3), 7-6(8), 7-6(1) என்று வென்றார். மூன்று செட் ஆட்டம்தான், ஆனால் ஏறக்குறைய 4 மணி நேரம் நீண்டது. எண்களையே பாருங்கள்: முதல் செட் கைவிட்டுப் போனது, இரண்டாவதை 10-8 என்று போராடி மீட்டார், மூன்றாவது டைபிரேக்கரில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் கொடுத்தார். மறுநாள் இறுதி ஆட்டத்தில் மிகைல் யூஸ்னி 6-0, 6-1 என்று நடாலை வென்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவைத் தனியாகப் பார்ப்பவருக்கு அது நம்ப முடியாத தோல்வி. அதற்கு முந்தைய நெடுவரிசையைப் பென்சிலால் நிரப்பியிருப்பவருக்கு, நடால் பந்தை எட்டுவதற்கு ஏன் அரையடி தாமதமாக வந்தார் என்பது சனிக்கிழமை எண்களிலேயே எழுதியிருக்கும்.