உப்புக்காற்றில் காப்பி: ராமநாதபுரம் கரையோர வீடுகளுக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் காப்பி வளருமா? வளரும், அராபிகா ரகத்தை மட்டும் மறந்துவிட வேண்டும். அது 1,000 மீட்டர் உயரத்துக் குளிருக்குப் பழகிய செடி. இங்கே சித்திரை வெயிலில் இலை தப்பினாலும் பூ கருகிவிடும். நமக்கு ரொபஸ்டா ரகம்தான். அதிலும் 'சி இன்ட்டு ஆர்' என்ற கலப்பு ரகம் கிடைத்தால் நல்லது. செடி குட்டையாக நிற்கும், தொட்டிக்கு ஏற்றது.

ஒரே ஒரு ரொபஸ்டாவை வைத்துவிட்டுக் காய்க்கவில்லையே என்று காத்திருப்பவர்கள் உண்டு. அந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. குறைந்தது இரண்டு செடி வேண்டும், மூன்று இருந்தால் கவலையில்லை. அவை விதையிலிருந்து தனித்தனியாக வந்தவையாக இருக்க வேண்டும். ஒரே தாய்ச்செடியில் வெட்டிய இரண்டு குச்சிகள் கணக்கில் ஒரு செடிதான்.

விதையிலிருந்து தொடங்குவதானால் புதிதாகப் பறித்த பழத்து விதை தேவை. சில மாதங்களில் முளைப்புத்திறன் போய்விடும், கடையில் கிடக்கும் பழைய பச்சைக் கொட்டையை நம்பாதீர்கள். பழத்தைப் பிதுக்கி, தண்ணீரில் மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதைச் சலித்த விறகுச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். ஓட்டை உரிக்காமல், தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் 45 நாள் வாக்கில் முளைக்கும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் நாற்று வாங்கலாம். திண்டுக்கல் மாவட்டத்துத் தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விசாரித்துவிட்டுப் போங்கள்.

இனி முக்கியமான விஷயம், உப்பு. இந்தக் கரையில் காப்பிச் செடி செத்தால் பெரும்பாலும் வெயிலால் சாகாது, உப்பால்தான் சாகும். மண், தண்ணீர், காற்று என மூன்று வழியாகவும் அது வரும்.

மண்ணில் தொடங்குவோம். தரையில் நடாதீர்கள், 60 முதல் 100 லிட்டர் டிரம்மில் வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய இலைச் சருகு ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு ஒரு பங்கு. கடற்கரை மணலைக் கலக்கக் கூடாது. உப்பைக் கழுவிவிட்டாலும் அதிலுள்ள சிப்பித் தூள் மண்ணைக் காரமாக்கும். காப்பிக்குக் கார அமில நிலை (pH) 6 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. கொழுந்து இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்), அரை எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலையில் தெளித்தால் தேறும். தென்னைநார்க் கழிவிலும் உப்பு உண்டு, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேருங்கள். கரையில் ஒதுங்கும் பாசியை அப்படியே அள்ளி உரமாகப் போடுவதும் வேண்டாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை கிணறு, போர் இரண்டையும் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 500-க்கு மேல் காட்டினால் ஊற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைத் தொட்டியில் பிடித்து வைப்பதே மேல். காவிரிக் கூட்டுக் குடிநீர் மிஞ்சினால் ஊற்றலாம், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீர் மட்டும் கூடவே கூடாது, உப்பு முழுக்க அதில்தான் இருக்கும். அடிப்பக்கத்து முதிர்ந்த இலைகள் நுனியிலும் ஓரத்திலும் கருகி, நடுப்பகுதி பச்சையாக இருந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். டிரம்மின் கொள்ளளவுக்குச் சமமான நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுக்க வடியவிடுங்கள்.

காற்றுக்குத் தடுப்பு அவசியம். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும், வாடைக்கு வடக்கிலும் பனையோலை அல்லது மட்டை வேலி கட்டுங்கள். சுவரை ஒட்டி வைத்தால் சுவரின் சூடு செடியைத் தாக்கும், மூன்றடி தள்ளி வையுங்கள். தென்னை நிழலும் அதற்குக் கீழே 50 சதவீத நிழல்வலையும் போதும். பலத்த காற்று அடித்த மறுநாள் காலை இலைகளை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவது நல்ல பழக்கம். செடி நாலடி வந்ததும் நுனியைக் கிள்ளி, தண்டிலிருந்து நேராகக் கிளம்பும் போத்துகளை ஒடித்துவிடுங்கள். காய் பிடிப்பது பக்கக் கிளைகளில்தான்.

பூவைக் கொண்டுவருவதுதான் இதில் கைவேலை. காப்பி மொட்டு வறட்சியில் உறங்கி, நல்ல மழை கண்டு விழிக்கும். மலையில் அந்த வேலையைக் கோடை மழை செய்யும். இங்கே நாம்தான் செய்ய வேண்டும். தை மாதம் பறிப்பு முடிந்ததும் மூன்று நான்கு வாரம் தண்ணீரைக் கால்பங்காகக் குறையுங்கள். பகலில் இலை சோர்ந்து இரவில் நிமிர்ந்தால் சரியான அளவு; காலையிலும் சோர்வாகவே இருந்தால் அளவு மீறிவிட்டது. கணுக்களில் மொட்டு ஈட்டி முனையாக நீண்டதும் அடுத்தடுத்து இரண்டு நாள் அடிவரை நனைய ஊற்றுங்கள். எட்டாம் நாள் வாக்கில் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும், வாசனை மல்லிகையை ஒத்திருக்கும். அரைகுறையாக நனைத்தாலோ வெயில் அதிகமானாலோ இதழ் விரியாமல் பச்சையாய் விறைத்த சின்ன நட்சத்திரப் பூக்கள்தான் வரும், அவை காய்க்காது. பூ விரிந்த இரண்டு நாளும் மேலே தண்ணீர் தெளிக்காதீர்கள். காலையில் மென்மையான தூரிகையால் ஒரு செடியின் பூவைத் தொட்டு அடுத்த செடியின் பூவில் தடவுங்கள். இருபது நாள் கழித்து மறுபடி ஒரு முழு நனைப்பு, பிறகு வழக்கமான தண்ணீர்.

பூச்சியில் இங்கே தொல்லை மாவுப்பூச்சிதான், அதைத் தூக்கித் திரியும் எறும்பும்தான். ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் தெளிப்பு. எறும்பு ஏறாமல் தடுக்காவிட்டால் எத்தனை முறை தெளித்தும் பயனில்லை.

ரொபஸ்டா பழுக்கப் பத்துப் பதினோரு மாதமாகும், ஆக மார்கழி, தையில் பறிப்பு. முதல் காய்ப்புக்கே மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். முழுச் சிவப்பான பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பறியுங்கள். விரலால் அழுத்தினால் கொட்டை வழுக்கி வெளியே வர வேண்டும். பச்சைக் காய் கலந்தால் டிகாக்‌ஷன் கசந்து துவர்க்கும். பறித்ததைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குங்கள்.

இரண்டு கிலோவுக்குள் என்றால் பழத்தை அப்படியே காயவைப்பதே புத்திசாலித்தனம். தோலுரித்துக் கொழகொழப்பை ஊறவைத்துக் கழுவும் முறைக்கு நல்ல தண்ணீர் நிறைய வேண்டும், தண்ணீருக்கு அலையும் ஊரில் அது வீண். கொசுவலையை இறுகக் கட்டிய சட்டத்தில் பழங்களை ஒரே அடுக்காகப் பரப்பி, நாளுக்கு நான்கைந்து முறை கிளறுங்கள். குவித்தால் பூசணம் பிடிக்கும். மொட்டை மாடிச் சிமெண்டில் கொட்டினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். நாலு மணிக்கே உள்ளே எடுத்து மூடிவிடுங்கள், கடற்கரை இரவின் ஈரம் பகலில் காய்ந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். கருவாடு காயும் மாடியில் காப்பியைக் காயப்போடவே வேண்டாம். வாடையை உறிஞ்சுவதில் இந்தக் கொட்டைக்கு இணையில்லை, வறுத்தாலும் போகாது.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து நாளில் பழம் கறுத்துச் சுருங்கி, குலுக்கினால் கடகடவென்று சத்தம் கேட்கும். அதை மட்டும் நம்பாமல் தினமும் எடை போடுங்கள். மூன்று நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. பிறகு பூண் இல்லாத மர உலக்கையால் உரலில் மெதுவாகக் குத்திச் சுளகில் புடைக்க வேண்டும். மிக்சியில் போட்டால் கொட்டை உடையும். உடைந்தது வறுக்கும்போது முந்திக் கருகும்.

ஐந்து கிலோ பழத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பச்சைக் கொட்டை, வறுத்தால் 800 கிராமுக்குச் சற்று மேல். தொட்டிச் செடி அரைக் கிலோ பழம் தந்தால் 80 கிராம் தூள்தான், நான்கு ஃபில்டர் போடலாம்.

வறுக்க இரும்பு வாணலி போதும். ஒரு தடவைக்கு 150 கிராம், மிதமான தீ, கை ஓயாமல் கிளற வேண்டும். பத்து நிமிடத்தை ஒட்டி முதல் வெடிப்புச் சத்தம் கேட்கும். அது அடங்கி, இரண்டாவது சத்தம் தொடங்குவதற்கு முன் இறக்குங்கள். உடனே சுளகில் பரப்பி விசிறியால் ஆற்றுங்கள், வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் இன்னும் கருகும். மறுநாள் அரையுங்கள், அன்றே அரைத்தால் டிகாக்‌ஷன் நுரைத்து நிற்குமே தவிர சரியாக இறங்காது. ரொபஸ்டாவுக்கு இயல்பிலேயே கெட்டித்தன்மை உண்டு, சிக்கரி சேர்க்கத் தேவையில்லை.