சாலையில் ஓட்டும் மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு திறன், எவ்வளவு தொழில்நுட்பம்? வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் சைக்கிள் வாங்க யோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஒன்று குதிரைத்திறன், மற்றொன்று வண்டியில் உள்ள மின்னணு வசதிகளின் எண்ணிக்கை. இரண்டும் கூடக்கூட வண்டி மேலானது என்பது அவர்களின் கணக்கு. பந்தயத் தடத்தில் இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். வேக வரம்பும், எதிரே வரும் வாகனமும், வளைவில் சிதறிக் கிடக்கும் மணலும் உள்ள பொதுச்சாலையில் அது பல இடங்களில் பொய்த்துப்போகிறது.

முதல் தவறு, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் செல்ல உண்மையில் எவ்வளவு திறன் செலவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே வண்டியைத் தேர்ந்தெடுப்பது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாகவும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடிப் பெருக்கமாகவும் உயர்கிறது, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகவும் திறன் எட்டு மடங்காகவும் ஆகும். முன்புறக் காற்றுத்தடுப்பு இல்லாத வண்டியில் ஒருவர் நிமிர்ந்து அமர்ந்து, காற்றில்லாத சமதரையில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லச் சக்கரத்தில் சுமார் 3 குதிரைத்திறன் இருந்தால் போதும். 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12, 120 கிலோமீட்டருக்கு 20 தேவைப்படும். அதே வண்டியை 200 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்த வேண்டுமானால் 90 குதிரைத்திறனை நெருங்கிவிடும். ஆக, 100 குதிரைத்திறன் கொண்ட வண்டியில் நெடுஞ்சாலையின் சட்டப்பூர்வமான வேகத்தில் சீராகச் செல்பவர் எஞ்சினின் ஐந்தில் ஒரு பங்கைக்கூடப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் 12 குதிரைத்திறனே போதும் என்று முடிவு செய்வது இதற்கு நேரெதிரான தவறு. சிக்கனத்தின் பெயரால் இந்தத் தவறைச் செய்பவர்களும் குறைவில்லை. பின்னிருக்கையில் ஒருவரும் ஒரு பையும் சேர்ந்தால் மொத்த எடை 320 கிலோவைத் தொடும். அந்த எடையோடு நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் மேட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பாற்ற, சமதரையில் தேவைப்படும் ஏழு குதிரைத்திறனோடு ஏறத்தாழ இன்னொரு ஆறு தேவைப்படும். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் மேலும் மூன்று. பதினைந்து குதிரைத்திறன் வண்டி அந்த இடத்தில் முழுதாக மூச்சு வாங்கிவிடும், முந்திச் செல்வதற்கு அதனிடம் மிச்சம் எதுவும் இருக்காது. பெரிய லாரியின் பின்னால் அவ்வாறு சிக்கிக்கொள்வது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை, ஆபத்தாகவும் மாறும்.

முந்திச் செல்வதைத்தான் எல்லோரும் அதிகத் திறனுக்கான காரணமாகச் சொல்கிறார்கள் என்பதால், அதையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஓட்டுநரோடு சேர்த்து 270 கிலோ எடையுள்ள வண்டி 80 கிலோமீட்டரிலிருந்து 110 கிலோமீட்டருக்கு நான்கே வினாடிகளில் எட்ட, காற்று எதிர்ப்பையும் சேர்த்து, சக்கரத்தில் சராசரியாக 30 குதிரைத்திறன் வேண்டும். சங்கிலியிலும் கியர்பெட்டியிலும் விரயமாவதை ஈடுகட்டினால் எஞ்சினில் சுமார் 35. அதாவது 40 முதல் 50 குதிரைத்திறன் உள்ள வண்டி, சரியான கியரில் இருந்தால், சாலையில் நேர்மையாக முந்த வேண்டிய எந்த வாகனத்தையும் பதற்றமின்றி முந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உரிம முறையில் இடைநிலை வகுப்புக்கு வைக்கப்பட்டுள்ள உச்சவரம்பு 35 கிலோவாட், அதாவது 47 குதிரைத்திறன் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு 10 முதல் 15, இருவராக நெடுந்தூரம் செல்பவருக்கு 35 முதல் 70 என்பது என் கணிப்பு. அதற்கு மேல் உள்ளதை ஆசை என்று ஒப்புக்கொண்டு வாங்கினால் எனக்கு ஆட்சேபமில்லை, தேவை என்று சொல்லும்போதுதான் மறுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த தவறு, விவரப் பட்டியலில் உள்ள உச்சத் திறனை வண்டியின் திறனாகவே எடுத்துக்கொள்வது. அந்த எண் எஞ்சினின் ஒரே ஒரு சுழற்சி வேகத்தில் மட்டும் கிடைப்பது. யமஹா ஆர்6 சுமார் 118 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 14,500 சுழற்சியில் தருகிறது, அதன் உச்ச முறுக்குவிசை (எஞ்சின் தண்டைச் சுழற்றும் விசை) 10,500 சுழற்சியில் 61.7 நியூட்டன் மீட்டர். அதே நிறுவனத்தின் எம்.டி.-07 தருவது 75 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் அதன் முறுக்குவிசை 6,500 சுழற்சியிலேயே ஏறத்தாழ 68 நியூட்டன் மீட்டரைத் தொட்டுவிடுகிறது. முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் 6,500 சுழற்சியில் எம்.டி.-07 தருவது சுமார் 46 கிலோவாட். ஆர்6 எஞ்சினின் முறுக்குவிசை எந்தச் சுழற்சியிலும் 61.7 ஐத் தாண்டாது என்பதால், அதே 6,500 சுழற்சியில் அது 42 கிலோவாட்டைத் தாண்ட வழியே இல்லை. கியர் விகிதங்கள் இந்த வேறுபாட்டை ஓரளவு ஈடுகட்டும் என்பது உண்மைதான். ஆனாலும் பட்டியலில் 40 குதிரைத்திறனுக்கும் மேல் பின்தங்கிய வண்டி, அன்றாடம் எஞ்சின் சுழலும் எல்லைக்குள் முன்னே நிற்கிறது. வண்டியைச் சோதித்து ஓட்டும்போது இது உடனே கைக்குத் தெரியும், பட்டியலை மட்டும் படிப்பவருக்குக் கடைசிவரை தெரியாது. எண்களை ஒப்பிடும்போது அலகையும் பார்க்க வேண்டும். மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட், பிரிட்டிஷ் முறையில் உள்ளது 745.7 வாட். வேறுபாடு சிறிது என்றாலும், இரண்டு வண்டிகளுக்கு இடையே ஒன்றிரண்டு குதிரைத்திறனுக்காக விவாதிப்பவர்கள் பல நேரம் அலகு வேறுபாட்டைத்தான் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

திறனுக்கு இயற்பியலே விதிக்கும் எல்லை ஒன்று உண்டு, அதைப் பற்றி விற்பனைப் பேச்சில் யாரும் வாய் திறப்பதில்லை. மோட்டார் சைக்கிளின் நீளம் குறைவு, ஓட்டுநரோடு சேர்ந்த அதன் ஈர்ப்பு மையம் உயரம். ஆகவே வேக வளர்ச்சி ஏறத்தாழ புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது கீழே விழும் பொருளின் வேகம் கூடும் அளவை, எட்டும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழுந்துவிடுகிறது. 270 கிலோ மொத்த எடைக்கு அந்த எல்லை 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 60 குதிரைத்திறனாகவும், 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 100 குதிரைத்திறனாகவும் இருக்கும். 2020 இல் வந்த ஹோண்டாவின் சி.பி.ஆர்.1000ஆர்.ஆர்-ஆர் வண்டியின் எஞ்சின் 217 குதிரைத்திறன் தருகிறது. சாலை வேகத்தில் அதில் பாதிக்கும் மேற்பட்டதைத் தரைக்குக் கடத்தவே முடியாது. முன்சக்கரம் எழாமலும் பின்சக்கரம் வழுக்காமலும் இருக்க, மின்னணுக் கட்டுப்பாடு அந்தத் திறனை எஞ்சினிலேயே அடக்கிவைக்கிறது. திறனுக்கு ஒரு முறையும், அந்தத் திறனை அடக்குவதற்கு மறுமுறையும் நாம் பணம் கொடுக்கிறோம்.

"ஆக்ஸிலேட்டர் என் கையில்தானே இருக்கிறது, தேவையான அளவு மட்டும் திருகிக்கொள்வேன்" என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். நானும் ஒரு காலத்தில் இதையே சொல்லி, நான்கு சிலிண்டர் உள்ள பெரிய வண்டி ஒன்றை வாங்கினேன். அதன் முதல் கியரே 150 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால் நகரத்துக்குள் அது எப்போதும் கிளட்சின் தயவில்தான் நகர்ந்தது. போக்குவரத்து நெரிசலில் ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கினால் தொடைகள் வெந்துவிடும். அகலமான பின்டயர் முன்பிருந்த வண்டியின் டயரைவிடப் பாதித் தூரத்தில் தேய்ந்தது. இரண்டு ஆண்டுகளில் அந்த எஞ்சினை அதன் சிவப்புக் கோடு (அனுமதிக்கப்பட்ட உச்சச் சுழற்சி) வரை நான் கொண்டுசென்ற நேரத்தைக் கூட்டினால் ஐந்து நிமிடம்கூடத் தேறாது. கையை அடக்கிக்கொள்ளலாம் என்பது சரியே, ஆனால் எடையையும் வெப்பத்தையும் பராமரிப்பையும் அடக்க முடியாது. "இப்போது பெரிதாக வாங்கிவிட்டால் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம்" என்பதும் இதே வகைத் தவறுதான். அச்சத்தோடு ஓட்டும் வண்டியில் வளைவைக் கற்றுக்கொள்வது அரிது.

தொழில்நுட்பத்தில் செய்யும் தவறு சற்று வேறுவிதமானது. எல்லா வசதிகளையும் ஒரே தட்டில் வைத்து எண்ணிவிடுகிறோம். ஓட்டுநர் உணர்ந்து செயல்படும் முன்பே செயல்படும் வசதி ஒரு வகை, ஓட்டுநரை மகிழ்விக்கும் வசதி இன்னொரு வகை. முதல் வகையில் தலையாயது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். மோட்டார் சைக்கிளில் மின்னணு ஏ.பி.எஸ். 1988 இல் பி.எம்.டபிள்யூ. கே100 வண்டியில் வந்தது. காரில் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி வழுக்கிச் செல்லும், அவ்வளவே. இருசக்கர வண்டியில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் சமநிலையே குலைந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஓட்டுநர் தரையில் கிடப்பார். ஆகையால் 10 குதிரைத்திறன் வண்டிக்கும் இது வேண்டும் என்பேன், ஒரே ஒரு வசதிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அந்தப் பணம் இதற்கே போக வேண்டும். ஆனால் ஏ.பி.எஸ். இருந்தால் எங்கும் குறைந்த தூரத்தில் நின்றுவிடலாம் என்று நினைப்பது தவறு. சரளைக்கற்கள் பரவிய தரையில் அது நிற்கும் தூரத்தை நீட்டவும் கூடும். 100 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கைப் பிடிக்கும் முன் திகைத்து நிற்கும் ஒரு வினாடியில் வண்டி 28 மீட்டர் ஓடிவிடுகிறது. அந்த 28 மீட்டரை எந்த மின்னணுவும் திருப்பித் தராது.

வண்டி சாய்ந்திருக்கும் கோணத்தை அளந்து, அதற்கேற்ப பிரேக்கையும் திறனையும் கட்டுப்படுத்தும் அமைப்பு 2013 வாக்கில் பாஷ் நிறுவனத்தின் வழியாக கே.டி.எம். 1190 அட்வென்ச்சர் வண்டியில் வந்தது. வளைவின் நடுவே திடீரென்று பிரேக் பிடிக்க நேரும்போது அதன் அருமை புரியும், நெடுந்தூரம் மலைச்சாலைகளில் செல்பவருக்கு அது தகும். பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலைப் பொறுத்தவரை அதன் தேவை எஞ்சினைச் சார்ந்தது. 20 குதிரைத்திறன் வண்டி உலர்ந்த தாரில் பின்சக்கரத்தை வழுக்க வைப்பதே கடினம் என்பதால் அங்கே அதற்கு வேலை குறைவு, 100 ஐத் தாண்டிய வண்டியில் அது இல்லாமல் மழையில் ஓட்ட எனக்குத் துணிவில்லை. இவை எல்லாமே டயருக்கும் தரைக்கும் இடையே ஏற்கெனவே உள்ள பிடிப்பைப் பங்கிட்டுத் தருபவை மட்டுமே. பழசாகிக் கெட்டியான டயரில் பங்கிட எதுவும் இருக்காது.

வண்ணத்திரை, கைப்பேசி இணைப்பு, கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் வசதி, பந்தயப் புறப்பாட்டுக்கான கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிடித்திருந்தால் வாங்கலாம். நான்கைந்து ஓட்டுமுறைகள் உள்ள வண்டிகளில் மழைக்கால முறை ஒன்றே பயன்படுகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் அனுபவமும் அதுவே.

இந்த இரண்டு எண்களிலும் அடங்காத பகுதிகளில்தான் வாங்குபவர்கள் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். சஸ்பென்ஷன் ஓட்டுநரின் எடைக்கேற்ப அமைக்கப்பட்டிருந்தால், அவர் அமர்ந்ததும் அதன் மொத்த அசைவுத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமிழ வேண்டும். விலை உயர்ந்த வண்டிகள்கூட இந்த அளவுக்குச் சரிசெய்யப்படாமலேயே ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரிப்பு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கின்றன. பயன்படுத்திய வண்டி வாங்குபவர் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் இதைக் குனிந்து படிக்க வேண்டும்.

சோதித்து ஓட்டுபவர்கள் காலியான நேர்ச்சாலையில் முழு வேகம் எடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் வீண்வேலை. மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டே மெதுவாக ஆக்ஸிலேட்டரைத் திருகி, எஞ்சின் திணறாமல் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். குறுகிய சாலையில் காலை ஊன்றாமல் முழு வட்டம் அடித்துப் பார்க்க வேண்டும். வழக்கமாகப் பின்னிருக்கையில் வருபவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் நிறுத்தி மீண்டும் கிளப்ப வேண்டும். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, இலேசான சரிவில் வண்டியைக் கையால் பின்னோக்கித் தள்ளி நிறுத்துமிடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் செய்யப்போகும் வேலை அது.