பாதியில் நிற்கும் வேலையைப் பேசுங்கள்

டீ நேரத்தில் முடிந்த வேலையைப் பற்றியே பேசுகிறோம். முடியாததைச் சொல்லக் கூச்சம். ஆனால் அதைத்தான் வேறு பிரிவுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் 1968-ல் ஸ்பென்சர் சில்வர் ஒரு பசை கண்டுபிடித்தார். ஒட்டும், இழுத்தால் கையோடு வந்துவிடும். பசைக்கு இது லட்சணமா? மனிதர் சளைக்காமல் சக ஊழியர்களிடம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். கேட்டவர்களில் ஒருவர் ஆர்ட் ஃப்ரை. தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அவர் அடையாளம் வைத்த துண்டுச்சீட்டு விழுந்துகொண்டே இருக்க, 1974-ல் அந்தப் பசை ஞாபகம் வந்தது. ஒட்டி எடுக்கும் குறிப்புச் சீட்டான போஸ்ட்-இட் பிறந்த கதை இதுதான்.

சரி, நாம்? வாரம் 15 நிமிடம். கணக்கு, குடோன், விற்பனை என்று ஆளுக்கொருவர் உட்கார்ந்து, எங்கே மாட்டிக்கொண்டோம் என்று மட்டும் சொல்லட்டும். முதலாளி கடைசியில்தான் பேச வேண்டும். முதலில் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.