கனடா சென்சஸ் படிவம்: தாய்மொழி, பிறந்த நாடு, பூர்வீகம், இனக்குழு – எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது

கனடாவில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, 1-இலும் 6-இலும் முடியும் ஆண்டுகளின் மே மாதத்தில், குடித்தொகை மதிப்பீடு நடக்கிறது. நம்மவர் வாயில் அது சென்சஸ்தான். வீட்டுக்கு வரும் கடிதத்தில் 16 இலக்க அணுகல் எண் இருக்கும், அதை வைத்து இணையத்தில் நிரப்பலாம். தாள் படிவமும் கேட்டு வாங்கலாம். 2021-இல் நான்கில் மூன்று வீடுகளுக்குக் குறும்படிவமும் நான்கில் ஒரு வீட்டுக்கு நெடும்படிவமும் போயின. தாய்மொழியும் வீட்டு மொழியும் எல்லா வீட்டிடமும் கேட்கப்படும். பிறந்த நாடு, முன்னோர் பூர்வீகம், இனக்குழு ஆகியவை நெடும்படிவக்காரருக்கு மட்டும்.

கீழே உள்ளவை 2021 படிவத்தை ஒட்டியவை. ஒவ்வொரு முறையும் வரிசையும் சொற்களும் கொஞ்சம் மாறும். எனவே கையில் இருக்கும் படிவத்தின் கேள்வியை ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு எழுதுங்கள்.

பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் ஒன்றுதான்: எல்லாக் கேள்வியையும் "நீ யார்?" என்ற ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்வது. படிவம் அப்படி எங்குமே கேட்பதில்லை. சின்ன வயதில் முதலில் கற்ற மொழி எது, இப்போது வாயில் புழங்கும் மொழி எது, எந்த மண்ணில் பிறந்தீர்கள், முன்னோர் எவர் என்று தனித்தனியாகக் கேட்கிறது. நான்குக்கும் நான்கு வெவ்வேறு விடை வரலாம். வருவதில் தவறில்லை.

யாரைச் சேர்ப்பது

குடியுரிமை உள்ளவர்கள் மட்டுமல்ல, நிரந்தர வதிவிடம் பெற்றவர், அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர், கல்வி அல்லது வேலை அனுமதியில் இங்கே வாழ்பவர், அவரோடு வசிக்கும் குடும்பத்தார் எல்லாரும் கணக்கில் வரவேண்டும். விடப்படுவது பெரும்பாலும் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் மாணவர்தான். வேறு நகரத்தில் படித்தாலும் விடுமுறையில் பெற்றோரிடம் வந்து தங்கும் பிள்ளையைப் பெற்றோர் வீட்டில் எழுத வேண்டும்.

ஒரு வீட்டுக்கு ஒருவரே நிரப்புவார். அது பெரும்பாலும் ஆங்கிலம் ஓடும் மூத்த மகனோ மகளோ. அவர் தன் விடைகளையே அம்மம்மாவுக்கும் அப்பாவுக்கும் படியெடுத்துவிடுவதுதான் நடக்கிற கூத்து. ஆளாளுக்குக் கேட்டு எழுதுங்கள். விடைகளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் எழுத வேண்டும்.

தாய்மொழி: "இன்னும் விளங்குகிறது" என்பதுதான் திறவுகோல்

கேள்வியின் பொருள் இது: சிறுவயதில் வீட்டில் முதலில் கற்று, இன்னும் விளங்கிக்கொள்ளும் மொழி எது? கேட்பது விளங்குவதைப் பற்றி. சரளமாகப் பேசவோ எழுதவோ வாசிக்கவோ தேவையில்லை. மூன்று வயதுவரை தமிழிலேயே வளர்ந்து, பள்ளிக்குப் போனபின் ஆங்கிலத்துக்கு மாறி, இன்று அம்மா தமிழில் சொன்னால் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தாய்மொழி தமிழ்தான். "அவனுக்குத் தமிழ் வராது" என்று பெற்றோரே ஆங்கிலத்தைக் குறித்துவிடுகிறார்கள். நம் எண்ணிக்கை குறைவதற்கு இதுவும் ஒரு வழி.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிள்ளைக்கு முதல் மொழி ஆங்கிலம், தமிழ் பிறகு சனிக்கிழமை வகுப்பில் கற்றது என்றால் தமிழை எழுதக்கூடாது. ஆசை வேறு, விடை வேறு. முதலில் கற்ற மொழி அடியோடு மறந்து விளங்காமலே போயிருந்தால், இரண்டாவதாகக் கற்றதை எழுதச் சொல்கிறது படிவம்.

இன்னும் பேசத் தொடங்காத குழந்தைக்கு, வீட்டில் அதனோடு அதிகம் பேசப்படும் மொழி. இரண்டு மொழிகளை ஒரே காலத்தில் கற்றவருக்கு, பள்ளிக்குப் போகும் முன் வீட்டில் அதிகம் புழங்கியது. இரண்டும் சரிசமமாகப் புழங்கியிருந்தால் மட்டுமே இரண்டையும் எழுதலாம். அப்பா தமிழும் அம்மா மலையாளமும் பேசிய வீட்டுக்கு இந்த விதி உதவும்.

மொழியின் பெயரைத் துல்லியமாக எழுதுங்கள். "ஸ்ரீலங்கன்" என்று எழுதினால் அது தமிழா சிங்களமா என்று எவருக்கும் தெரியாது. "இந்தியன்" என்பது இன்னும் மோசம்.

வீட்டு மொழி: வாய் பேசுவது மட்டும்

இது இரண்டு பகுதி. வீட்டில் வழக்கமாகப் பேசும் மொழிகள் எவை, அவற்றுள் அதிகம் பேசுவது எது. இரண்டும் அந்த ஆளின் வாயைப் பற்றியவை, அவர் காதில் விழுவதைப் பற்றியவை அல்ல. மேலே சொன்ன பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இங்கே "அதிகம் பேசுவது" ஆங்கிலம். அம்மம்மாவோடு தினமும் நாலு வார்த்தை தமிழில் பேசினால் "வழக்கமாகப் பேசுவது" பகுதியில் தமிழும் சேரும். முதல் பகுதியைக் கணக்கில் எடுக்காமல் ஒரே மொழியைப் போட்டுவிட்டுப் போவது பரவலான தவறு. வீட்டில் மொழி எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதைக் காட்டுவதே அந்தப் பகுதிதான்.

நெடும்படிவத்தில் இன்னொன்று: ஆங்கிலமும் பிரெஞ்சும் தவிர, உரையாடும் அளவுக்குப் பேசவல்ல மொழிகள். கொழும்பில் வளர்ந்தவருக்குச் சிங்களம், ஜெர்மனியில் பத்து ஆண்டு இருந்துவிட்டு வந்தவருக்கு ஜெர்மன் என்று இங்கே எல்லாம் வரலாம்.

கியூபெக்குக்கு வெளியே, அந்த ஆள் பிரெஞ்சில் படித்தவரா என்ற கேள்வியும் வரும். பிரெஞ்சு மொழிப் பள்ளி வேறு, ஆங்கிலப் பள்ளியில் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் பிரெஞ்சு இமர்ஷன் வேறு. டொராண்டோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் நம் பிள்ளைகள் போவது பெரும்பாலும் இரண்டாவதற்கு. அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. 1982 அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவின்படி சிறுபான்மை மொழிப் பள்ளிக்கு (கியூபெக்குக்கு வெளியே அது பிரெஞ்சுப் பள்ளி) உரிமை உள்ள பிள்ளைகள் எத்தனை என்று கணக்கிடவே இது கேட்கப்படுகிறது. எனவே பார்த்துக் குறியுங்கள்.

பிறந்த நாடு: இன்றைய எல்லைப்படி

1972-க்கு முன் பிறந்தவரின் பிறப்புச் சான்றில் சிலோன் என்று இருக்கும். படிவத்தில் ஸ்ரீலங்கா என்றே எழுத வேண்டும். ரங்கூனில் பிறந்த தாத்தாவுக்கு மியான்மர், மலாயாவில் பிறந்தவருக்கு மலேசியா. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குத் திருச்சியில் பிறந்தவர் "இந்தியா" என்று எழுதத் தயங்குகிறார். தயங்க வேண்டாம், பிறந்த இடம் அதுதான். பெற்றோரின் பிறந்த நாடு தனியாகக் கேட்கப்படுகிறது, அவருடைய இலங்கைத் தொடர்பு அங்கே பதிவாகிவிடும்.

முன்னோர் பூர்வீகம்: ஒன்றோடு நிறுத்தாதீர்கள்

"இவரின் முன்னோருடைய இன அல்லது பண்பாட்டுப் பூர்வீகங்கள் எவை?" கேள்வி பன்மையில் இருக்கிறது. பொருந்தும் அத்தனையையும் எழுதலாம் என்று படிவமே சொல்கிறது. ஒரு நாட்டின் பெயரோடு ஒட்டாத பூர்வீகமும் இருக்கலாம் என்றும் சொல்கிறது. தமிழ் என்ற சொல்லுக்கு இடம் கிடைப்பது இந்த வரியால்தான்.

1971 வரை கேள்வியே தந்தை வழியை மட்டும்தான் கேட்டது. 1981-இல்தான் இரு வழியும் செல்லுபடியாகி, ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளும் ஏற்கப்பட்டன. ஆனாலும் நம் வீடுகளில் இன்னும் அப்பப்பாவோடு நின்றுவிடுகிறோம். தாய்வழியையும் எண்ணிப் பாருங்கள். அம்மம்மாவின் தாய் பறங்கியர் (இலங்கையின் ஐரோப்பிய வழியினர்) என்றால் அதுவும் உங்கள் பூர்வீகமே.

எழுதும் முறை எளிது. ஒரு கட்டத்தில் ஒரு பூர்வீகம், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (கேப்பிட்டல்). "தமிழ்" ஒரு கட்டம், "ஸ்ரீலங்கன்" அடுத்த கட்டம். சென்னையிலிருந்து வந்தவர் "தமிழ்", "இந்தியன்" என்று பிரிக்கலாம். கயானாவிலிருந்து வந்து, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய முன்னோரைக் கொண்ட குடும்பம் "கயனீஸ்", "தமிழ்" இரண்டையும் எழுதலாம், மொழி எப்போதோ போய்விட்டிருந்தாலும். முன்னோரைக் கேட்கும் கேள்விக்கு மொழி தடையில்லை. நாட்டின் பெயரை மட்டும் எழுதினால் தமிழர் என்ற எண்ணிக்கையில் வரமாட்டீர்கள். தமிழ் என்று மட்டும் எழுதினால் இலங்கை வழி எண்ணிக்கையில் வரமாட்டீர்கள். இரண்டையும் எழுத இடம் இருக்கும்போது ஒன்றைத் தியாகம் செய்வானேன்?

"கனேடியன்" என்றும் எழுதலாம், அதுவும் ஏற்கப்படும் விடை. ஆனால் குடியுரிமைக்குத் தனிக் கேள்வி இருக்கிறது. கடவுச்சீட்டை நினைத்து இங்கே கனேடியன் என்று மட்டும் போட்டுவிட்டால் முன்னோரைப் பற்றி எதுவும் சொல்லாதவர் ஆகிவிடுவீர்கள்.

இனக்குழு

இது வேறு கேள்வி. வெள்ளையர், தெற்காசியர், சீனர், கறுப்பினத்தவர், பிலிப்பினோ, அரபு என்று கட்டங்கள் வரும். வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்துக்காக 1996 முதல் நேரடியாகக் கேட்கிறார்கள். தெற்காசியர் என்பதற்குப் பக்கத்திலேயே ஸ்ரீலங்கன் எடுத்துக்காட்டாக இருக்கிறது. அங்கே குறியுங்கள். "மற்றவை" வரியில் தமிழ் என்று எழுதத் தேவையில்லை. மலேசியத் தமிழர், தாம் பிறந்த நாட்டை வைத்துத் தென்கிழக்காசியர் கட்டத்துக்குப் போய்விடுவது உண்டு. அவருக்கும் தெற்காசியர்தான் பொருந்தும். கலப்புக் குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டு கட்டம் குறிக்கலாம்.

சமயம் பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், கடைசியாக 2021-இல் வந்தது. கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகாதவரும் தம் சமயத்தைக் குறிக்கலாம். கிறிஸ்தவர் என்று பொதுவாக நிறுத்தாமல் கத்தோலிக்கர், மெதடிஸ்ட் என்று பிரிவைச் சொல்லுங்கள்.

பயம் பற்றி இரண்டு வரி

விடை சொல்வது சட்டப்படி கட்டாயம். மறுத்தால் 500 டொலர்வரை தண்டம், சிறை கிடையாது (அது 2017-இல் நீக்கப்பட்டது). தனிநபர் விடைகள் குடிவரவுத் துறைக்கோ வரித்துறைக்கோ பொலிசுக்கோ கொடுக்கப்படுவதில்லை. 92 ஆண்டு கழித்துத்தான் பொது ஆவணமாகும். 1931 சென்சஸ் ஏடுகள் 2023-இல் திறந்தது அப்படித்தான்.

பிறகு சென்சஸ் முடிவு அட்டவணையைப் படிக்கும்போது

சங்கக் கூட்டங்களில் "கனடாவில் தமிழர் இத்தனை" என்று எண்கள் பறக்கும். எந்தக் கேள்வியின் எண் என்று முதலில் கேளுங்கள். 2016-இல் தமிழைத் தாய்மொழி என்றவர் ஏறத்தாழ 1,40,000 பேர். அதே ஆண்டு பூர்வீகம் தமிழ் என்று எழுதியவர் 50,000-க்கும் குறைவு. மிச்சப் பேரில் பலர் நாட்டின் பெயரை எழுதிவிட்டார்கள். 2021-இல் பூர்வீக எண் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஐந்தே ஆண்டில் தமிழர் இரட்டிப்பாகிவிடவில்லை. 2016 படிவத்தில் கேள்விக்குக் கீழே கனேடியன் தொடங்கி 28 எடுத்துக்காட்டுகள் அச்சிடப்பட்டிருந்தன. தமிழும் ஸ்ரீலங்கனும் அதில் இல்லை. 2021-இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, 500-க்கும் மேற்பட்ட பூர்வீகங்கள் கொண்ட இணையப் பட்டியலுக்குச் சுட்டினார்கள். கனேடியன் என்ற விடை 32.3 விழுக்காட்டிலிருந்து 15.6 விழுக்காடாக விழுந்ததற்கும் முக்கியக் காரணம் இதுவே. ஆகவே பூர்வீக எண்ணை வைத்து 2016-ஐயும் 2021-ஐயும் ஒப்பிட்டு வளர்ச்சி சொல்லாதீர்கள். வளர்ச்சி பார்க்கத் தாய்மொழி எண்ணை எடுங்கள், அது எல்லா வீட்டிடமும் கேட்கப்பட்டது. பூர்வீக எண் நாலில் ஒரு வீட்டின் விடையிலிருந்து பெருக்கியது. 2011-இல் நெடும்படிவம் விருப்பத்துக்கு விடப்பட்டதால் அந்த ஆண்டின் பூர்வீக எண் இன்னும் ஆட்டம் காணும்.

ஒருவர் மூன்று பூர்வீகம் எழுதினால் மூன்று வரியிலும் எண்ணப்படுவார். தமிழ் வரியையும் ஸ்ரீலங்கன் வரியையும் கூட்டினால் ஒரே ஆள் இரண்டு முறை வருவார், அந்தக் கூட்டல் தப்பு. எண்களின் கடைசி இலக்கம் எப்போதும் 0 அல்லது 5 ஆக இருப்பதைக் கவனியுங்கள். ஆளின் அடையாளம் தெரியாமல் இருக்க, எண்ணை மேலேயோ கீழேயோ 5-இன் மடங்குக்கு மாற்றிவிடுகிறார்கள். நகரம் முழுவதுக்கும் இது பொருட்டில்லை. சில தெருக்கள் மட்டும் கொண்ட சிறு பகுதியில் "தமிழ் 10" என்று கண்டால் அங்கே உண்மையில் ஆறு பேர் இருக்கலாம், பதின்மூன்று பேரும் இருக்கலாம், அதை வைத்து மானிய விண்ணப்பம் எழுதாதீர்கள்.