தொலைக்காட்சிப் பரிசுப் போட்டிப் பின்பால் மேசையை மீண்டும் ஓடவைப்பது எப்படி

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மூடிக்கிடந்த ஒரு டீ ரூமின் பின்கட்டிலிருந்து எனக்கு ஒரு பின்பால் மேசை, அதாவது உலோகக் குண்டைத் தட்டிவிட்டுப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு இயந்திரம், கிடைத்தது. அதன் தலைக்கண்ணாடியில் (மேசையின் தலைப்பகுதியில் நிற்கும் ஓவியக் கண்ணாடி), அமெரிக்கத் தொலைக்காட்சிப் பரிசுப் போட்டி ஒன்றின் மேடையும், நடத்துநரும், எண்ணிட்ட கதவுகளும் வரையப்பட்டுள்ளன. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சிச் சேவை 1976 ஜனவரி 5 அன்றுதான் தொடங்கியது என்பதால், அந்தக் கடைக்கு வந்த பிள்ளைகள் இத்தகைய போட்டியைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கண்ணாடியில் பார்த்திருக்கக்கூடும். அதனாலேயே இதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

மேசை கைக்கு வந்ததும் உடனே மின்சாரம் கொடுத்துப் பார்க்கக் கூடாது. அமெரிக்க மேசைகள் ஏறத்தாழ 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. நம் வீடுகளில் வருவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மேசைக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட்டுக்கான முனை இருப்பதாக எழுதியிருந்தாலன்றி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் வைத்தே இணைக்க வேண்டும். பழைய இரண்டு முள் வயரை நீக்கி, எர்த் கம்பியுள்ள மூன்று கம்பி வயரை மாட்டி, எர்த்தை உள்ளேயுள்ள உலோகப் பகுதிகளோடு இணைப்பது கட்டாயம். இதில் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து ஃபியூஸ்களைக் கழற்றி மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். என் மேசையில் ஒரு ஃபியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. அதற்கு நேர் கீழே இருந்த காயிலின் (கம்பிச்சுருள்) தாளுறை கரும்பழுப்பாகக் கருகியிருந்தது. குறித்த ஆம்பியருக்கு மேற்பட்ட ஃபியூஸை ஒருபோதும் போடாதீர்கள். பின்னர் காயில்களுக்குள் நகரும் உலோகத் தண்டான பிளஞ்சர் ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பார்த்து, தடையின்றி உள்ளே போய்த் திரும்புகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

உண்மையான வேலை தொடர்பு முனைகளில்தான் இருக்கிறது. இந்த மேசையில் கணினிச் சில்லு கிடையாது. எந்தக் கதவு திறந்தது, எத்தனை புள்ளி சேர்ந்தது என்பதை ரிலேக்களும் (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்) படிச்சுழலிகளும் (ஒவ்வொரு படியாக நகர்ந்து எண்ணும் சுழலிகள்)தான் நினைவில் வைத்திருக்கின்றன. டர்பனின் உப்புக் காற்றில் அவற்றின் முனைகள் விரைவில் மங்கிவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மெல்லிய அரத்தை இரு முனைகளுக்கும் நடுவே ஒரேயொரு முறை மென்மையாக இழுத்து, பிறகு கெட்டியான வெள்ளை அட்டையைச் செருகி உருவினால், அதில் கரிக்கோடு ஒன்று படியும்; கோடு படிவது நிற்கும் வரை அட்டையை மாற்றி மாற்றி உருவுங்கள். முனைகள் தொட்டபின் எதிர்ப்பக்கத் தகடு சற்றே வளைய வேண்டும். அந்தச் சிறு உரசல்தான் முனையைத் தானே துடைத்துக்கொள்ளச் செய்கிறது. எண்ணெய்த் தெளிப்பான்களை இங்கே பயன்படுத்தவே கூடாது.

விளையாட்டைத் தொடங்கும்போது மோட்டார் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், புள்ளிகளைக் காட்டும் உருளைகளில் ஏதோ ஒன்றின் பூஜ்ய ஸ்விட்ச் (உருளை பூஜ்யத்துக்கு வந்ததை உணர்த்துவது) சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். காயில் சூடாகும் முன் அணைத்துவிட்டு அந்த உருளையைப் பாருங்கள். பரிசு விளக்கு முன்னேறியும் மறு ஆட்டத்தில் தொடக்கத்துக்குத் திரும்பாவிட்டால், படிச்சுழலியின் பழைய கிரீஸ் இறுகிவிட்டிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, தட்டிலுள்ள ரிவெட்டுகளின் மேல் மட்டும் மிக மெல்லிய படலமாகப் புதிய கிரீஸ் பூசுங்கள்.

மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது மேசை இணைப்பில் இருக்க வேண்டாம்.

தலைக்கண்ணாடியின் பின்புறத்தை மட்டும் துடைக்காதீர்கள். வண்ணம் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. ஈரத்துணி பட்ட இடத்தில் அது செதிலாக உதிரும். என் கண்ணாடியின் இரண்டாம் கதவின் ஒரு மூலை அப்படித்தான் போயிற்று. உள்ளேயுள்ள 44 எண் பல்புகளுக்குப் பதிலாக 47 எண் பல்புகளைப் போட்டால், மின்னோட்டம் 250 மில்லியாம்பியரிலிருந்து 150 ஆகக் குறைந்து, வண்ணத்தின் மேல் படும் வெப்பமும் குறையும்.