நீரிழிவும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகளே (ஆர்.என்.ஏ. இழையின் அலகுகள்) கொண்ட சிறு மூலக்கூறு. தானே எந்தப் புரதத்தையும் உருவாக்காத அது, மரபணுவின் செய்தியைப் புரதம் உருவாக எடுத்துச் செல்லும் தூது ஆர்.என்.ஏ.க்களில் தனக்குப் பொருந்துபவற்றோடு பிணைந்து அவற்றிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது. நீரிழிவு தொடர்பாக இம்மூலக்கூறுகளைப் பற்றிப் படிப்பவர்களும் எழுதுபவர்களும் செய்யும் பெருந்தவறு, இது நல்லது, அது கெட்டது என்று ஒவ்வொன்றையும் தரம் பிரிப்பதாகும்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் நிறைந்திருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-375 இதற்குச் சரியான சான்று. அதன் அளவைச் செயற்கையாகக் கூட்டினால் குளுக்கோஸ் தூண்டும் இன்சுலின் சுரப்பு குறைகிறது என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதை மட்டும் படித்தவர், அதை அறவே நீக்கினால் சர்க்கரை கட்டுக்குள் வரும் என்றே எண்ணியிருப்பார். ஆனால் 2009-இல் அதை உருவாக்கும் மரபணு நீக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தபோது, பீட்டா செல்களின் திரள் சுருங்கி, சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் ஹார்மோனைச் சுரக்கும் ஆல்பா செல்கள் பெருகி, ரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தது. மிகுந்தாலும் குறைந்தாலும் கேடு விளைவிக்கும் ஒன்றை, அதன் அளவையும் அது செயல்படும் திசுவையும் குறிப்பிடாமல் நோயின் காரணி என்று எழுதுவது வாசகரைத் தவறான இடத்துக்கே கொண்டு செல்லும்.

ரத்தத்தில் காணும் மாற்றத்தை நோயின் காரணமாகக் கொள்வதும் இதற்கு இணையான பிழை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் பிளாஸ்மாவில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-126 குறைந்திருப்பது 2010-இல் அறிவிக்கப்பட்டது. ரத்தத்தில் உள்ள இம்மூலக்கூறில் கணிசமான பங்கு ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களிலிருந்து வருவதால், தட்டணுக்களைக் கட்டுப்படுத்தும் மருந்துகளாலும் அதன் அளவு குறையும் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் உணர்த்தின. நீரிழிவு நோயாளிகளில் பலர் அத்தகைய மருந்துகளை உட்கொள்பவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மாதிரி எடுக்கையில் சிவப்பணுக்கள் சிதைந்தால் 16, 451 ஆகிய எண்களுடைய மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பொய்யாக மிகுந்து தோன்றும். ரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் ஹெப்பரின், இம்மூலக்கூறுகளைப் பெருக்கி அளக்க உதவும் பி.சி.ஆர். வினையையே தடுக்கும். இந்தக் குறிப்புகள் இல்லாத ஆய்வறிக்கையை நான் எளிதில் நம்பமாட்டேன்.

ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒரே மரபணுவைத்தான் அடக்கும் என்பதும் தவறு. பலவற்றுக்கு நூற்றுக்கணக்கான இலக்குகள் உண்டு.

நீரிழிவை உறுதிசெய்ய இன்றும் வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் சர்க்கரை, 6.5 சதவீத எச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) போன்ற அளவுகோல்களையே மருத்துவர்கள் நம்புகின்றனர், மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனையை முன்வைத்து அவற்றைத் தள்ளிப்போடுவது கூடாது.